பழைய அம்பாசடருக்கு சீட் பெல்ட்: ரெக்சினைக் கிழிக்காமல் போட முடியுமா?

கேள்வி: எங்களிடம் 1967ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது. அப்பா புதிதாக வாங்கிய வண்டி. முன்னும் பின்னும் பெஞ்சு சீட். கம்பெனியிலிருந்து வந்த மெரூன் நிற ரெக்சின் இன்றுவரை அப்படியே இருக்கிறது. அப்பா காலம் முழுவதும் துணி உறை போட்டுக் காப்பாற்றினார். வண்டியில் சீட் பெல்ட் கிடையாது. பெல்ட் இல்லாத வண்டியில் மூன்று வயதுப் பேத்தியை ஏற்ற மாட்டேன் என்கிறாள் மருமகள். உள்ளூர் மெக்கானிக்கைக் கேட்டேன். ரெக்சினைக் கொஞ்சம் கிழித்து, அடியில் உள்ள சீட் சட்டத்தில் பெல்ட்டை முடுக்கிவிடலாம், அரை நாள் வேலை என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ரெக்சினைத் தொடாமல் பெல்ட் போட வழி உண்டா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மருமகள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நீங்கள் தயங்கியதும் சரி. அந்த மெக்கானிக் சொன்ன வழி மட்டும் தவறு, அதுவும் ரெக்சின் கிழிகிறது என்பதற்காக மட்டும் தவறு இல்லை. ரெக்சினைப் பற்றி உங்களுக்குக் கவலையே இல்லாவிட்டாலும் அந்த வேலையை நான் செய்ய விடமாட்டேன்.

காரணம் சொல்கிறேன். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வண்டி எதிலாவது மோதி, அவர் உடல் அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் பெல்ட் தாங்க வேண்டிய இழுவை சுமார் 1,200 கிலோ. அதனால்தான் ஐரோப்பிய விதிமுறையில் பெல்ட் பிடிமானங்களைச் சோதிக்கும்போது தோள் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் ஒரே நேரத்தில் தலா 13.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 1,375 கிலோ விசையில் இழுத்துப் பார்க்கிறார்கள். உங்கள் முன் சீட் இரண்டு தண்டவாளங்களில் சில சிறிய நட்டுகளால் நிற்கிறது. உட்காரும் எடையைத் தாங்கி, முன்னும் பின்னும் நகர அமைத்தது அது. பெல்ட்டை அதில் மாட்டினால் மோதலின்போது ஆளும் சீட்டும் சேர்ந்தே டாஷ்போர்டில் போய் விழுவார்கள். பெல்ட் பிடிக்க வேண்டியது வண்டியின் பாடியை. பாடியில் மாட்டும்போது சீட்டில் கத்தி வைக்க வேண்டிய தேவையே வருவதில்லை. குஷன் வேலைக்காரனாக நான் அனுபவத்தில் பார்த்தது இதுதான்: பெல்ட் போடுவதற்கு சீட்டைக் கிழிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், பெல்ட்டைத் தவறான இடத்தில் மாட்டப் போகிறார் என்று பொருள்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மற்ற பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு எளிதில் கிடைக்காத வசதி அது. அம்பாசடர் 2014 வரை தயாரிப்பில் இருந்தது. பாடிக் கூண்டின் அமைப்பு அடிப்படையில் பெரிதாக மாறவில்லை. நம் நாட்டில் 1994 மார்ச் முதல் புதிய கார்களின் முன் இருக்கைகளுக்கும், 2002 முதல் பின் இருக்கைகளுக்கும் பெல்ட் கட்டாயமானது. ஆகவே பிந்தைய அம்பாசடர்களில் கம்பெனியே பெல்ட் மாட்டி அனுப்பியது. கோவையிலோ திருப்பூரிலோ 2005, 2006 வாக்கில் வந்த ஓர் அம்பாசடரைத் தேடிப் பிடியுங்கள். பழைய டாக்சியாக இருந்தாலும் போதும். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையே நிற்கும் தூணான நடு பில்லரில் தோள் போல்ட் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பில்லரின் அடியில் பெல்ட் நாடா சுருளும் ரீல் எங்கே நிற்கிறது, நடுவில் பக்கிள் எங்கிருந்து எழுகிறது, பின் சீட்டை எடுத்தால் தரையில் எங்கெங்கே மரை போட்ட துளைகள் இருக்கின்றன என்று அளவு நாடா வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் படுத்து, அந்தத் துளைகளுக்குக் கீழே என்ன வலுத்தகடு வைத்திருக்கிறார்கள் என்பதையும் படமெடுங்கள். உங்கள் வண்டியில் அந்த இடங்களில் வலுத்தகடு இருக்காது. இடம் அதே இடம். தகட்டை மட்டும் நாம் சேர்க்க வேண்டும். அளவை எடுத்துக்கொள்ளலாமே தவிர, அந்தப் பழைய வண்டியின் பெல்ட்டை மட்டும் கழற்றி வந்துவிடாதீர்கள். வெயிலில் வெந்த நாடாவும், ஒருமுறை மோதலில் இழுபட்ட நாடாவும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

பின் சீட்டிலிருந்து தொடங்குங்கள். பேத்தி உட்காரப் போவது அங்கேதான். வேலையும் அங்கேதான் எளிது. பின் குஷனை முன்பக்கம் தூக்கி இழுத்தால் வந்துவிடும். சாய்மானத்தையும் கழற்றிவிடலாம். இடுப்புப் பட்டையின் இரண்டு முனைகளும் குஷனுக்கும் சாய்மானத்துக்கும் இடையே உள்ள இடுக்கு வழியாகத்தான் மேலே வரும். அந்த இடுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டாம். தோள் பட்டையின் மேல் முனையைத்தான் கவனிக்க வேண்டும். பின் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பலகைத் தகடு மெல்லியது. அதில் வெறும் வாஷர் வைத்து முடுக்கினால் மோதலில் தகடே கிழிந்து வரும். கம்பெனி எந்த இடத்தில் மாட்டியதோ அதே பக்கவாட்டு இடத்தில், உட்புறம் தகடு வைத்து மாட்டுங்கள்.

முன்பக்கம் கொஞ்சம் சிரமம். தோள் புள்ளி நடு பில்லரில், உட்கார்ந்திருப்பவரின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ வர வேண்டும். பின் கதவின் கீல்கள் அதே பில்லரில்தான் தொங்குகின்றன; கீல் திருகுகளுக்கு நெருக்கமாகத் துளை போடாதீர்கள். இடுப்புப் பட்டையின் வெளி முனை பில்லரின் அடியில், உள் முனையான பக்கிள் தரையின் நடுவில் எழும்பி நிற்கும் மேட்டின் ஓரத்தில். பட்டை தரையிலிருந்து இடுப்பு எலும்பை நோக்கி 45 முதல் 60 டிகிரி சாய்வில் எழுந்தால் நல்லது. சாய்வு குறைந்து பட்டை படுத்துவிட்டால் அது இடுப்பிலிருந்து வயிற்றுக்கு ஏறிவிடும். மோதலில் குடலை நசுக்கும். முன் சீட் நகரும் என்பதால், வழக்கமாக ஓட்டுபவர் சீட்டை எங்கே வைப்பாரோ அந்த நிலையில் ஆளை உட்கார வைத்தே புள்ளிகளைக் குறியுங்கள். பிறகு சீட்டை முழுக்க முன்னும் பின்னும் நகர்த்தி, சட்டமோ ஸ்பிரிங்கோ பட்டையை உரசுகிறதா என்று பாருங்கள்.

பில்லரில் துளை போடத் தயங்கி, சிலர் தோள் பட்டையை முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் மாட்டி, சாய்மானத்தின் தலைக்கு மேலாக எடுத்து வருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மோதலில் அந்தப் பட்டை ஆளைப் பின்னால் பிடிப்பதற்குப் பதிலாகத் தோளைக் கீழ்நோக்கி அமுக்கும், முதுகெலும்பு நசுங்கும். போதாததற்கு, அன்றாடம் சாய்மானத்தின் மேல் விளிம்பில் உருண்டையாகத் தைத்த ஓரப் பட்டையான பைப்பிங்கை உரசி உரசி ஒரே வருடத்தில் தேய்த்துவிடும். முன் பெஞ்சின் நடுவில் இனி யாரையும் உட்கார வைக்காதீர்கள். அங்கே இடுப்புப் பட்டை மட்டும்தான் போட முடியும். எதிரே இருப்பது கடினமான டாஷ்போர்டு.

இனி தரை. பட்டறைக்குப் போகுமுன் தரையின் மேல் விரிப்பையும் அதன் அடியில் இருக்கும் சணல் விரிப்பையும் முழுக்கத் தூக்கிப் பாருங்கள். பழைய அம்பாசடர்களில் அந்த விரிப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேலே பளபளவென்று இருக்கும் தரை அடியில் அரித்திருக்கும். ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் முதலில் டிங்கரிடம் சொல்லி நல்ல தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். துருப்பிடித்த தரையில் எந்தப் பெல்ட்டும் பயனில்லை.

தரை நன்றாக இருந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் அடிப்பக்கத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடு வேண்டும். பரப்பு 40 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதைவிடப் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. மூலைகளை வட்டமாக அராவச் சொல்லுங்கள். கூர்மையான மூலை, இழுபடும்போது தரைத் தகட்டைக் கத்தி மாதிரி வெட்டிவிடும். தகடு எப்போதும் இழுவைக்கு எதிர்ப்பக்கத்தில், அதாவது தரைக்கு அடியில் இருக்க வேண்டும். பெல்ட் போல்ட்டின் அளவு உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒன்றுதான்: 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. இது ஏறக்குறைய 11 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் நட்டு பார்வைக்கு இதைப்போலவே இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மரை பொருந்தாமல் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். முடுக்கியதுபோல் தோன்றும், பிடிப்பு இருக்காது. பெல்ட்டோடு வரும் போல்ட்டையே பயன்படுத்துங்கள். பெட்டி வடிவக் குறுக்குச் சட்டத்தின் ஊடாக போல்ட் போக வேண்டியிருந்தால் உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முடுக்கும்போதே சட்டம் அமுங்கும். துளை போடுமுன் ஒருவர் கட்டாயம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். பிரேக் பைப், பெட்ரோல் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், சைலன்சர் குழாய் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. நடு மேட்டுக்குள், பின் சக்கரங்களைச் சுழற்றும் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழல்கிறது. அங்கே போல்ட்டின் வால் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் 3 மில்லிமீட்டர் துளை, அடியில் பார்த்துச் சரி என்றால்தான் பெரிய துளை. வேலை முடிந்ததும் துத்தநாக ப்ரைமர் பூசி, தகட்டின் ஓரங்களை சீலர் வைத்து அடையுங்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இந்த வேலையில் ரெக்சின் பெரும்பாலும் பாழாவது பெல்ட்டால் இல்லை, வேலை நடக்கும் அந்த ஒரு நாளில். சீட்டுகள் வண்டிக்குள் இருக்கும்போது ட்ரில்லையோ வெல்டிங்கையோ தொடவே விடாதீர்கள். “துணி போட்டு மூடிவிடுகிறோம்” என்பார்கள், கேட்காதீர்கள். ஒரு தீப்பொறி போதும், ஐம்பது வருட ரெக்சினில் கருகிய புள்ளி விழ. அதை எந்தச் சாயத்தாலும் மறைக்க முடியாது. வெல்டிங் பொறி கண்ணாடியிலும் புள்ளி புள்ளியாகப் பதியும் என்பதால் கண்ணாடிகளை ஈரத் துணியால் மூடச் சொல்லுங்கள். பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள்.

பழைய ரெக்சின் குளிர்ந்திருக்கும்போது விறைப்பாக இருக்கும். அதிகாலையில் சீட்டைக் கழற்றி வளைத்தால் தையல் ஓரத்தில் விரிசல் விடும். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி, ரெக்சின் இளகிய பிறகு கழற்றுங்கள். முன் பெஞ்சைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கதவு வழியாக எடுக்கும்போது பூட்டின் இரும்பு நாக்கு ரெக்சினைக் கீறும். அந்த இடத்தில் தடித்த துணியைக் கட்டிவிடுங்கள். வெளியே எடுத்த சீட்டை ஓரத்தில் நிறுத்தி வைக்காமல், இயல்பாக உட்காரும் நிலையிலேயே சுத்தமான பாய் மேல் வையுங்கள். பட்டறையில் இரவு தங்கவிட வேண்டாம். உள்ளே தேங்காய் நார் இருந்தால் எலி தேடி வரும். வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அளவு குறிக்க ஒட்டு நாடாவைப் பழைய ரெக்சினில் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது மேல் பூச்சு அதோடு வந்துவிடும். தையல்காரர் சுண்ணக்கட்டி போதும், ஈரத் துணியில் போய்விடும். தரை விரிப்பின் மேல் ட்ரில் வைக்கவே கூடாது. நூல் ட்ரில் முனையில் சுற்றிக்கொண்டு விரிப்பின் குறுக்கே ஒரு கோடாகப் பிரிந்து வரும். விரிப்பைத் தூக்கிவிட்டுத் தகட்டில் துளை போடுங்கள். பிறகு விரிப்பில் வட்டப் பஞ்ச் வைத்துச் சின்னத் துளை போட்டு, அதன் ஓரத்தைச் சூடான சால்டரிங் முனையால் லேசாகச் சுற்றித் தொட்டால் நைலான் விரிப்பில் நூல் பிரியாது. சணலாகவோ பருத்தியாகவோ இருந்தால் ஓரத்தை நூலால் தைக்க வேண்டும். துளையிட்ட இரும்புத் தூளைக் காந்தத்தால் முழுக்க எடுத்துவிடுங்கள். விட்டால் ஒரே மழைக்காலத்தில் விரிப்பு முழுவதும் துருக்கறை.

நடு பில்லரில் ரெக்சினோ அட்டையோ ஒட்டியிருந்தால் அதைத் துளைக்க நேரும். அங்கே ஒரு வழி சொல்கிறேன். அந்தத் துண்டை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடுகாட்டி மெல்லக் கழற்றுங்கள். அதே அளவில் புதிய அட்டையில், நிறம் ஒத்த ரெக்சின் ஒட்டி ஒரு நகல் செய்துகொள்ளுங்கள். துளையை நகலில் போடுங்கள். அப்பா காலத்து அசலைப் பருத்தித் துணியில் சுற்றி, மடிக்காமல் அலமாரியில் வையுங்கள். நாளை யாராவது வண்டியை முழு அசலாக்க விரும்பினால் அது இருக்கும். தோள் போல்ட் ரூஃப் லைனிங்குக்குக் கீழேயே நின்றுவிடும். லைனிங்கை யாரும் தொட வேண்டியதில்லை.

பெல்ட்டைத் தேர்ந்தெடுப்பதில் என் யோசனை: முன்னால் ரீல் பெல்ட், பின்னால் ரீல் இல்லாத, கையால் இறுக்கும் மூன்று முனை பெல்ட். முன்னால் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கையால் இறுக்கும் பெல்ட்டை அவரவருக்கு இறுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, தொளதொளவென்று போட்டுக்கொள்வார்கள். ரீல், எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்று அதற்கென்று ஓர் அளவு உண்டு. அந்தச் சாய்வில் மாட்டாவிட்டால் எப்போதும் பூட்டிக்கொள்ளும் அல்லது தேவைப்படும்போது பூட்டாது. பின்னால் குழந்தை இருக்கையைக் கட்ட, கையால் இறுக்கியபடியே நிற்கும் பெல்ட்தான் வசதி. தரச் சான்று முத்திரை நாடாவில் தைத்திருக்க வேண்டும். மெரூனுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று நாடாவுக்குச் சாயம் ஏற்றாதீர்கள். சாயத்தின் ரசாயனம் இழையின் வலுவைக் கெடுக்கும். கறுப்பு அல்லது வெளிர் பழுப்பு வாங்குங்கள். வாங்கியதும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். நிறம் இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது உங்கள் ரெக்சினிலும் இறங்கும். பக்கிளின் இரும்புக் காம்புக்கு பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். வெயிலில் வண்டி நிற்கும்போது இரும்பு நாக்கு ரெக்சின் மேல் கிடந்தால் அச்சுப் பதிந்துவிடும். இறங்கும்போது பெல்ட்டைப் பில்லர் பக்கம் ஒதுக்கிவிடப் பழகிக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள், பாடிக் கூண்டிலோ சேசிஸிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாத அசல் வண்டியையே ஏற்கின்றன. விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். பேத்தியோடு பழனிக்கும் ஆழியாறுக்கும் போக விரும்பும் உங்களுக்குச் சாதாரணப் பதிவே பொருத்தம். எதிர்காலத்தில் விண்டேஜ் பதிவு எண்ணம் இருந்தால், துளை போடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். பெல்ட் போட்ட பிறகு எல்லோரும் போட்டுக்கொண்டே ஆக வேண்டும். பின்னால் பெல்ட் போடாமல் உட்காருபவர் மோதலில் முன் சீட்டின் முதுகில் தன் முழு எடையோடு வந்து விழுவார். உங்கள் தண்டவாள நட்டுகள் அதைத் தாங்கா. பதினான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பாதுகாக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது.

மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் பெல்ட் பொருந்தாது, கழுத்தில் விழும். தனி இருக்கை வேண்டும். இன்றைய கார்களில் உள்ள கொக்கிகளில் மட்டும் மாட்டுகிற இருக்கையை வாங்கிவிடாதீர்கள், உங்கள் வண்டியில் அந்தக் கொக்கி கிடையாது. மூன்று முனை சீட் பெல்ட்டால் கட்டும் வகை என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அதை வண்டியிலேயே வைத்து, பெல்ட்டின் நீளம் எட்டுகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். இருக்கைக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடாதீர்கள். வெயிலில் ரப்பர் பழைய ரெக்சினோடு ஒட்டிக்கொண்டு நிறத்தை உரித்துவிடும். மெத்தை மாதிரி எதையும் வைத்தால் மோதலில் அது அமுங்கி, பெல்ட் தளர்ந்துபோகும். ஒற்றை மடிப்புப் பருத்தி வேட்டித் துணி போதும். கட்டி முடித்ததும் உங்கள் முழங்காலை இருக்கையில் அழுத்தி, பெல்ட்டை இன்னொரு முறை இறுக்குங்கள். பிறகு இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது.

பின் சீட்டைக் கழற்றியதும் தரையின் மேல்புறத்தையும் அடிப்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். துரு எங்கே இருக்கிறது, தகடு எங்கே வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை துளை போட வேண்டாம்.